ரிங் ஓரம் கேள்வி-பதில்: விலாவைப் பாருங்கள்

கேள்வி: கியூபாவின் கியெர்மோ ரிகோண்டோவை எல்லோரும் மேதை என்கிறார்கள். நொனிட்டோ டொனேருடன் அவர் மோதிய சண்டையைத் தேடிப் பார்த்தேன். ஏழாவது ரவுண்டில் தூங்கிவிட்டேன். ஒலிம்பிக்கில் புள்ளி பொறுக்கிய மாதிரியேதான் தொழில்முறையிலும் ஆடுகிறார். இதில் என்ன மேதைமை?

பதில்: தூங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம். அந்தச் சண்டையை நான் முதல் தடவை பார்த்தபோது பக்கத்தில் இருந்த என் மனைவி, "இவங்க எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது ரவுண்டிலேயே எழுந்து போய்விட்டாள். 2013 ஏப்ரலில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களிலேயே பலர் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள்.

ஆனால் எதிரில் நின்றது யார்? 2012-இன் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று அமெரிக்கக் குத்துச்சண்டைப் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்திருந்த ஆள். அந்த இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, சரியாக விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம். அப்படிப்பட்டவர் அன்று பாதி நேரம், சம்மட்டியை ஓங்கிவிட்டு இரும்பைத் தேடும் கொல்லன் மாதிரி நின்றார். அடுத்த தடவை பார்க்கும்போது ரிகோண்டோவை விட்டுவிடுங்கள். டொனேரின் முன்னங்காலை மட்டும் பாருங்கள். ஹூக் வீச வேண்டுமானால் அந்தக் கால் தரையில் ஊன்ற வேண்டும். அவர் ஊன்றுவார், ரிகோண்டோ அரை அடி பின்னால் போயிருப்பார். கால் மறுபடி நகரும், மறுபடி ஊன்றும், அதற்குள் மூக்கில் ஒரு இடது நேர்குத்து. கை வீசாமலேயே எதிராளியின் கையைக் கட்டிப்போடுவது இதுதான். இதைச் செய்கிறவன் தப்பி ஓடவில்லை. ரிங்கில் யார் எங்கே நிற்பது என்பதை அவன்தான் முடிவு செய்கிறான்.

புள்ளி அட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். மூன்று நடுவர்களும் ரிகோண்டோவுக்கே கொடுத்தார்கள்: 114-113, 115-112, 116-111. முதல் அட்டை மயிரிழை மாதிரி தெரியும். ஆனால் பத்தாவது ரவுண்டில் டொனேரின் இடது கை பட்டு ரிகோண்டோ கீழே விழுந்தார். வழக்கமாக ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது; கீழே விழுந்ததால் அந்த ரவுண்ட் டொனேருக்கு 10-8. அதைக் கழித்துக் கணக்குப் போட்டால் மூன்று நடுவர்களும் அவருக்கு முறையே 7, 8, 9 ரவுண்டுகள் கொடுத்திருக்கிறார்கள். என் அட்டையில் எட்டு. பன்னிரண்டாவது ரவுண்டில் டொனேர் வலது கண்ணைக் கிளவுஸால் பொத்திக்கொண்டு ஆடியதைப் பார்க்காமல் நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். புள்ளி பொறுக்குகிறவர் கொடுத்த குத்துதான் அது.

இதனால் ரிகோண்டோ எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். அதே ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் ஜோசப் அக்பெக்கோவுடன் ஆடினார். 120-108. ஒரு ரவுண்ட் கூட இழக்கவில்லை. எதிராளி ஆறாவது ரவுண்டிலேயே மனதளவில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எனக்கே தெரிந்தது, ரிகோண்டோவுக்குத் தெரியாதா? ஒரு படி முன்னால் வைத்து முடித்திருக்கலாம். வைக்கவில்லை. அங்கே நான் உங்கள் கட்சி.

கேள்வி: "அமெச்சூர் ஸ்டைல்" என்று வர்ணனையாளர்கள் திட்டுவது போலச் சொல்கிறார்களே, அப்படி என்றால் சரியாக என்ன?

பதில்: பாதிப் பேர் அர்த்தம் தெரியாமல் சொல்கிறார்கள். மீதிப் பேர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் தென்கொரிய வீரரைப் புரட்டி எடுத்துவிட்டு, நடுவர்களின் தீர்ப்பில் தோற்றார். ஊர் சிரித்தது. அதற்கு மருந்தாக வந்ததுதான் கம்ப்யூட்டர் முறை; ஒலிம்பிக்கில் 1992 பார்சிலோனாவிலிருந்து. ஐந்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு பெட்டி, சிவப்புக்கு ஒரு பொத்தான், நீலத்துக்கு ஒரு பொத்தான். ஒரு குத்து விழுந்தால் ஒரே விநாடிக்குள் மூன்று பேராவது அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் அந்தக் குத்து நடக்கவே இல்லை.

நானும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சில வருடங்கள் உட்கார்ந்தவன். தலையில் விழும் குத்து எல்லாப் பக்கமும் தெரியும். தலை பின்னால் போகும். விலாவில் விழுவது அப்படி இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுதான் தெரியும். நீலத்தில் ஒரு பையன், குனிந்து உள்ளே போய் விலாவிலேயே அடித்தான். எனக்கு மூன்றடி தூரத்தில். 'தொப், தொப்' என்று ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ரவுண்ட் முடிந்து பலகையில் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. தோற்றான். இறங்கிப் போகும்போது என்னைப் பார்த்து, "சார், உங்களுக்காவது தெரிஞ்சுதா?" என்றான். நடுவர் பதில் சொல்லக் கூடாது. தலையைக் குனிந்து தாளில் ஏதோ எழுதுவது போலப் பாவனை செய்தேன். அடுத்த வருடம் அதே பையன் வந்தான். விலாப் பக்கமே போகவில்லை. தூரத்தில் நின்று நெற்றிக்கு நேராகத் தட்டிவிட்டு விலகினான். ஜெயித்தான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவன் கோச் இல்லை, எங்கள் ஐந்து பேரின் கட்டை விரல்.

ஆகவே அமெச்சூர் ஸ்டைல் என்றால் இதுதான்: தூரத்தில் நிற்பது, தலைக்கு நேராகக் குத்துவது, பட்டதும் விலகுவது, உடம்பை மறந்துவிடுவது, நெருங்கிப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் ரெஃப்ரி வந்து பிரித்துவிடுவார் என்று காத்திருப்பது. வேகமும் கால் நகர்வும் அதில் சேராது. அவை எல்லா ஊர் நாணயத்திலும் செல்லும்.

எனவே பழைய அமெச்சூர் நட்சத்திரம் ஒருவர் தொழில்முறையில் எப்படி என்று தெரிய வேண்டுமானால் முதலில் விலாவைப் பாருங்கள். உடம்பில் அடிக்கிறாரா? ரிகோண்டோ தன் முதல் முழு உலகப் பட்டத்தை 2012 ஜனவரியில் ரிக்கோ ராமோஸிடமிருந்து பறித்தது உடம்பில் இறக்கிய இடது கையால்தான். அதனால்தான் அவரைப் புள்ளி பொறுக்கி என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: தலைக்கவசத்தை எடுத்துவிட்ட பிறகு இந்த வித்தியாசம் போய்விட்டதா?

பதில்: குறைந்திருக்கிறது. ஆண்கள் பிரிவில் 2013-இல் தலைக்கவசமும் போனது, பொத்தான் பெட்டியும் போனது. தொழில்முறை மாதிரியே ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி முறை வந்தது. ஆனால் மூன்று ரவுண்ட் மூன்று ரவுண்ட்தான். பன்னிரண்டு வேறு.

கேள்வி: அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்கிறார்கள் உக்ரைனின் வசீல் லோமசென்கோவுக்கு. அவர் எப்படித் தொழில்முறையில் இரண்டாவது சண்டையிலேயே ஒர்லாண்டோ சலீடோவிடம் தோற்றார்? சலீடோ அதற்கு முன் பன்னிரண்டு தடவை தோற்றவர் ஆயிற்றே!

பதில்: பன்னிரண்டு தடவை தோற்றவர் என்பதுதான் விஷயமே. பன்னிரண்டு விதமாகத் தோற்கக் கற்றவனுக்கு ஜெயிக்கப் பதின்மூன்று வழி தெரியும்.

2014 மார்ச், சான் அன்டோனியோ. சலீடோ எடையில் தவறினார், அதனால் பட்டத்தைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்தார். பெரிய ஆளாக ரிங்கில் ஏறினார். பெல்ட்டுக்குக் கீழேயும் நிறைய அடித்தார். இதெல்லாம் நிஜம். இருந்தாலும் லோமசென்கோ தோற்றதற்கு இதை மட்டும் காரணமாகச் சொன்னால் அவர் அன்று கற்றுக்கொண்டதை நாம் கற்காமல் போய்விடுவோம்.

பிடிக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். லோமசென்கோ சலீடோவைக் கட்டிப் பிடிப்பார். பிடித்ததும் அமெச்சூர் பழக்கத்தில் ஓய்வெடுப்பார், ரெஃப்ரி வருவார் என்று. ரெஃப்ரி வரமாட்டார். சலீடோவின் ஒரு கை எப்போதும் விட்டுப்போயிருக்கும். அந்தக் கை இடுப்பு, விலா, தொடை என்று வேலை பார்க்கும். பிடித்தால் இரண்டு கையையும் பிடிக்க வேண்டும். அல்லது தோளால் தள்ளித் திருப்ப வேண்டும். ஜிம்மில் இதை யாரும் பாடமாக எடுப்பதில்லை, அடி வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஐந்து ரவுண்ட் ஆடும் உலகத் தொடர் போட்டிகளில் அவர் ஆறு முறை ஆடியிருந்தார். ஆனால் ஐந்து ரவுண்டில் சலீடோ மாதிரி ஆள் சூடாகவே மாட்டார்.

இன்னொன்று, லோமசென்கோ தாமதமாகத்தான் விழித்துக்கொண்டார். பன்னிரண்டாவது ரவுண்டில் சலீடோ தள்ளாடினார், விழ வேண்டியவர், மணி காப்பாற்றியது. இரண்டு நடுவர்கள் சலீடோவுக்கு, ஒருவர் லோமசென்கோவுக்கு. எனக்கும் சலீடோதான் ஜெயித்தார்.

மூன்றே மாதம். ஜூனில் கேரி ரஸ்ஸலைத் தோற்கடித்து மூன்றாவது சண்டையில் உலகப் பட்டம் வாங்கினார். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமானது 2018 மே, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஹோர்ஹே லினாரெஸ். ஆறாவது ரவுண்டில் லினாரெஸின் நேர் வலது கை இவரை உட்கார வைத்தது. ஒன்பது ரவுண்ட் முடிந்தபோது ஒரு நடுவர் இவர் பக்கம், ஒருவர் அவர் பக்கம், ஒருவர் சமம். பத்தாவதில் லோமசென்கோ எதிராளியின் தலையைக் குறிவைத்துச் சின்னச் சின்னக் குத்தாக வீசிக்கொண்டே இருக்கிறார், எதுவும் பெரிதாக வலிக்கிற குத்தில்லை. லினாரெஸ் முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்துகிறார். வலது முழங்கை விலாவிலிருந்து நான்கு விரல்கடை மேலே ஏறுகிறது. அந்த இடைவெளியில் இடது கை போனது. அங்கேதான் கல்லீரல். லினாரெஸ் முட்டி போட்டு உட்கார்ந்தார், முகம் சுருங்கியது, அவ்வளவுதான்.

பொத்தான் பெட்டிக் காலத்தில் அந்தக் குத்துக்கு ஒரு புள்ளி கூடக் கிடைத்திருக்காது. நானே அழுத்தியிருந்தாலும்.

(சின்ன வயதில் அவருடைய அப்பா அவரைக் கொஞ்ச காலம் குத்துச்சண்டையை நிறுத்தச் சொல்லி நடனப் பள்ளியில் சேர்த்தார் என்பதைப் போன இதழில் ஒரு வாசகர் நம்ப மறுத்து எழுதியிருந்தார். நம்பலாம். அந்தப் பக்கவாட்டுக் காலடி வேறு எங்கிருந்து வரும்?)

கேள்வி: அப்படியானால் 2020-இல் தியோஃபிமோ லோபஸிடம் தோற்றது? முதல் பாதி முழுக்க லோமசென்கோ கையே வீசவில்லையே. அது அமெச்சூர் ஜாக்கிரதைதானே?

பதில்: இல்லை. நேர்மாறு. இதைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள்.

அமெச்சூரில் ஒரு ரவுண்டைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க முடியுமா? 2008 பெய்ஜிங்கில் இரண்டு இரண்டு நிமிடமாக நான்கு ரவுண்ட், 2012 லண்டனில் மூன்று நிமிடமாக மூன்று. முதல் நிமிடத்திலேயே முந்தாவிட்டால் பின்னால் ஓடிப் பிடிக்க நேரமில்லை. எதிராளியை அரை மணி நேரம் படித்துவிட்டு அப்புறம் முடிக்கலாம் என்ற சொகுசு அவருக்குத் தொழில்முறையில்தான் பழகியது. நிக்கலஸ் வால்டர்ஸ், ஜேசன் சோசா, மிகெல் மாரியாகா, அப்புறம் ரிகோண்டோ என்று வரிசையாக நான்கு பேர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து போதும் என்று விலகிக்கொண்டார்கள். தன் பெயரையே 'நோமாஸ்சென்கோ' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே வேடிக்கையாகச் சொன்னார் ('நோ மாஸ்' என்றால் ஸ்பானிஷில் 'இனி வேண்டாம்'). அப்படி ஜெயித்துப் பழகியவருக்கு முதல் ஏழு ரவுண்ட் போனால் பெரிதாகத் தெரியாது. லோபஸ் இளைஞர், உருவத்தில் பெரியவர், ரவுண்டை ஒவ்வொன்றாகப் பொட்டலம் கட்டி எடுத்து வைத்துக்கொண்டார். எட்டாவதில் லோமசென்கோ விழித்தபோது பாதிக் கடை காலி.

119-109 என்று ஒரு நடுவர் போட்டது எனக்கு ஒப்புதல் இல்லை. லோமசென்கோவுக்கு ஒரே ஒரு ரவுண்டா? 116-112 நியாயம். தோளில் காயம் இருந்தது, அப்புறம் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார், சரி. ஆனால் காயத்துக்கு அட்டையில் இடமில்லை.

கேள்வி: நம்முடைய விஜேந்தர் சிங்கை உங்கள் தராசில் நிறுத்துங்கள். சீனாவின் ஸோ ஷிமிங்கையும்.

பதில்: விஜேந்தர் 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறையில் இறங்கியபோது முப்பது வயதுக்குச் சில வாரம்தான் பாக்கி. பெய்ஜிங் வெண்கலம் முடிந்து ஏழு வருடம். அந்த வயதில் புது இலக்கணம் படிப்பது கஷ்டம். படித்த அளவுக்கு நன்றாகவே படித்தார். நீளமான ஜாப் (முன் கையால் விடும் நேர்குத்து), உயர்ந்த காப்பு, பொறுமை. 2016-இல் டெல்லியில் கெர்ரி ஹோப்புடன் பத்து ரவுண்ட் மூச்சு வாங்காமல் போனார். அடுத்த ஆண்டு மும்பையில் சீனாவின் இளம் வீரர் மைமைதியாலி நெருக்கியபோது 95-94, 95-94, 96-93 என்று நூல் தொங்கியது. பின்னால் தள்ளப்பட்டால் அவருக்குப் பதில் இல்லை என்று அன்றே தெரிந்தது. பன்னிரண்டு வெற்றிக்கு அப்புறம் 2021-இல் கோவாவில் கப்பலின் மேல் தளத்தில் ஆர்திஷ் லோப்ஸான் என்ற நெட்டை ரஷ்யர் அதைத்தான் செய்தார், ஐந்தாவது ரவுண்டில் முடிந்தது. உலகப் பட்டத்துக்கு ஆடாதவரை உலகப் பட்டக்காரர்களோடு ஒப்பிட்டுத் திட்டுவது நியாயமில்லை. அதே மூச்சில் அவரை உலகத் தரம் என்று புகழ்வதும் நியாயமில்லை.

ஸோ ஷிமிங் கதை வேறு. இரண்டு ஒலிம்பிக் தங்கம், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு துள்ளித் துள்ளித் தட்டிவிட்டு மறைகிற ஆள். தொழில்முறைக்கு வந்ததும் அமெரிக்கப் பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச்சிடம் போய் ஊன்றி நின்று பலமாகக் குத்தப் பயிற்சி எடுத்தார். பலம் கொஞ்சம் வந்தது. துள்ளல் போயிற்று. பட்டமும் வாங்கினார், 2016-இல். ஆனால் அடுத்த ஆண்டு ஷாங்காயில் ஷோ கிமுரா பதினோராவது ரவுண்டில் வீழ்த்தியபோது நான் பார்த்தது, தன் சொந்த வீட்டை இடித்துவிட்டு வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை. ரிகோண்டோ மாறவே மாட்டேன் என்று அடம் பிடித்ததை எல்லோரும் குறை சொல்கிறார்கள். மாறினால் இப்படியும் ஆகலாம்.

கேள்வி: ஒலிம்பிக்கிலிருந்து வந்தவர்களில் முழு மதிப்பெண் யாருக்கு?

பதில்: உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். 2024 மே, எதிரில் பிரிட்டனின் ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரி, ஒன்பதாவது ரவுண்ட். தன்னைவிட அவ்வளவு பெரிய உருவத்தைக் கயிறு தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு விரட்டினாரே, அதைப் போட்டுப் பாருங்கள். தூக்கம் வராது.

கேள்வி: 2017-இல் லோமசென்கோவும் ரிகோண்டோவும் மோதியது, இரட்டை ஒலிம்பிக் தங்கக்காரர்கள் இருவர் தொழில்முறையில் சந்தித்த முதல் சண்டை. ஆறு ரவுண்டில் சப்பென்று முடிந்தது. ஒரே எடை, ஒரே வயது என்றால் யார் ஜெயித்திருப்பார்?

பதில்: ரிகோண்டோவுக்கு அன்று 37 வயது. 122 பவுண்டுக்காரர் 130-க்கு ஏறி வந்திருந்தார். லோமசென்கோவுக்கு 29. கை வலிக்கிறது என்று ரிகோண்டோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வலித்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே, டொனேருக்குத் தான் செய்த வேலையை அவர் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்: ஊன்றுகிறார், ஆள் இல்லை, திரும்புகிறார், ஆள் பக்கவாட்டில். குனிந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார், அதற்கு ஒரு புள்ளியும் போனது.

ஒரே எடை, இருவருக்கும் இருபத்தெட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு ரவுண்டில் எது யாருக்கு என்று நடுவர்கள் மூவரும் மூன்று விதமாகப் போடுவார்கள். இருவருமே மற்றவர் முதலில் தப்பு செய்யட்டும் என்று காத்திருப்பார்கள், இருவருமே செய்ய மாட்டார்கள். லோமசென்கோ அதிகம் வீசுவார் என்பதால் 7-5 என்று அவருக்குக் கொடுப்பேன், ரிகோண்டோவின் இடது கை ஒரு தடவை கூட நேராகப் படவில்லை என்றால். பட்டால் அட்டையைக் கிழித்துப் போட வேண்டியதுதான். எப்படியானாலும் பன்னிரண்டு ரவுண்டையும் நான் தனியாகத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.